ராட்சதக் கொறிவிலங்கின் எடையை எவ்வளவு என்று எழுதுவது?

கேள்வி: பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக, உலகில் வாழ்ந்தவற்றுள் மிகப் பெரிய கொறிவிலங்கைப் பற்றிய விளக்கப் பலகை ஒன்றைத் தயாரிக்கிறோம். அதன் எடை ஓரிடத்தில் 1,000 கிலோ என்றும் மற்றோரிடத்தில் 350 கிலோ என்றும் காணப்படுகிறது. எதை எழுதுவது?

பதில்: நீங்கள் குறிப்பிடுவது உருகுவே நாட்டில் கிடைத்த ஜோசஃபோஆர்ட்டிகேசியா மோனெசி. கண்டெடுத்துப் பல ஆண்டுகள் அந்நாட்டுத் தலைநகர் மாண்டிவிடியோவின் அருங்காட்சியகத்தில் இருந்த அதன் மண்டை ஓட்டை ரிண்டர்க்னெக்ட், பிளாங்கோ ஆகிய ஆய்வாளர்கள் இருவரும் 2008இல் விவரித்தனர். மண்டை ஓட்டின் நீளம் சுமார் 53 செ.மீ. இது நேரடியாக அளந்த அளவு என்பதால் பலகையில் இதற்கே முதலிடம் கொடுங்கள்.

எடையோ கணக்கிட்டுப் பெற்றது. உடல் எலும்புகள் இல்லாத நிலையில், இன்று வாழும் கொறிவிலங்குகளில் மண்டை ஓட்டுக்கும் எடைக்கும் உள்ள விகிதத்தைக் கொண்டே அதைக் கணக்கிட்டார்கள். இன்றுள்ளவற்றில் மிகப் பெரியதான கேபிபாராவே பெரும்பாலும் 60 கிலோவுக்கு உட்பட்டது. அந்த விகிதத்தைப் பன்மடங்கு பெரிய விலங்குவரை நீட்டும்போது, தொடக்கத்தில் உள்ள சிறு வேறுபாடும் முடிவில் நூற்றுக்கணக்கான கிலோவாகப் பெருகிவிடுகிறது. முதல் ஆய்வின் மதிப்பீடு ஏறத்தாழ 1,000 கிலோ என்றாலும், அதன் வீச்சு 468 முதல் 2,586 கிலோ வரை இருந்தது. இந்த வீச்சைப் பலரும் விட்டுவிடுவதுதான் குழப்பத்துக்குக் காரணம். அதே 2008இல் மிலியன் என்ற ஆய்வாளர் செய்த மறுகணக்கு 350 கிலோ அளவில் நின்றது. மண்டை ஓடு முதுகெலும்போடு இணையும் மூட்டின் அகலத்தைக் கொண்டு 2022இல் எங்கல்மேன் என்ற ஆய்வாளர் கணக்கிட்டபோது சுமார் 480 கிலோ வந்தது. தலையின் நீளம் இனத்துக்கு இனம் மாறும். தலையைத் தாங்கும் மூட்டு உடல் எடையோடு நெருங்கிய தொடர்புடையது. ஆகவே இந்தக் கடைசிக் கணக்கையே நான் நம்பத் தகுந்ததாகக் கருதுகிறேன். "ஏறத்தாழ அரை டன், மதிப்பீடுகள் வேறுபடுகின்றன" என்று எழுதுங்கள்.

படம் வரைவோர் வீட்டு எலியைப் பெரிதாக்க வேண்டாம். இதற்கு மிக நெருங்கிய உறவாக இன்று உயிரோடிருப்பது தென் அமெரிக்காவின் பக்கரானா என்ற கொறிவிலங்கு. அதை மாதிரியாகக் கொள்ளலாம். பலகையில் இடம் இருந்து, வட அமெரிக்காவில் வாழ்ந்து அழிந்துபோன ராட்சத பீவரையும் சேர்ப்பதாக இருந்தால், அது மரத்தைக் கடித்து வீழ்த்துவதுபோல் காட்டாதீர்கள். அதன் எலும்புகளில் உள்ள ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை) ஆராய்ந்த 2019ஆம் ஆண்டு ஆய்வு, அது நீர்த்தாவரங்களையே தின்றது என்று காட்டியிருக்கிறது.