ஃபெர்ரியிலிருந்து கடற்பறவைக் கணக்கெடுப்பு: வாசகர் கேள்விகள்

ஃபெர்ரியின் மேல்தளத்தில் நின்று கடற்பறவைகளையும் திமிங்கலம், ஓங்கில் (டால்பின்) போன்ற கடல் பாலூட்டிகளையும் எண்ணுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில் தருகிறோம்.

கேள்வி: ஃபெர்ரியில் போகும்போதெல்லாம் பார்த்த பறவைகளைக் குறித்து வைக்கிறேன். இது கணக்கெடுப்பு ஆகுமா?

பதில்: இப்போதைக்கு அது பட்டியல்தான். கணக்கெடுப்பு ஆக வேண்டுமானால், எவ்வளவு கடலைப் பார்த்தீர்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும். 1984-இல் கடற்பறவை ஆய்வாளர் டாஸ்கரும் உடன் ஆய்வாளர்களும் முன்வைத்த முறையே இன்றும் பரவலாகப் புழங்குகிறது. கப்பலின் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அணியத்திலிருந்து (கப்பலின் முன்முனை) நேர் பக்கவாட்டு வரை 90 பாகை, 300 மீட்டர் அகலப் பட்டை. 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் போகும் கப்பல் ஒரு மணி நேரத்தில் 37 கிலோமீட்டர் கடக்கும். அதை 0.3-ஆல் பெருக்கினால் 11.1 சதுர கிலோமீட்டர். அதுதான் நீங்கள் பார்த்த கடல்.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். ஒன்றும் தென்படாவிட்டால் பூஜ்யம் போடுங்கள். நடுவில் கீழே இறங்கிப் போயிருந்தால் ‘பார்க்கவில்லை’ என்று எழுதுங்கள். இந்த இரண்டும் கலந்துவிட்டால் பிறகு யாராலும் பிரித்தெடுக்க முடியாது. கிளம்பும் முன் கைக்கடிகாரத்தை ஜிபிஎஸ் நேரத்தோடு ஒத்துப்பாருங்கள். இரண்டு நிமிடம் பிசகினால், பறவை வரைபடத்தில் 1.2 கிலோமீட்டர் தள்ளிப்போய் உட்காரும்.

கேள்வி: நடுக்கடலில் 300 மீட்டரை எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாம் ஒரே மாதிரி தெரிகிறதே?

பதில்: ஒரு சாதாரண அளவுகோல் போதும். முதலில் உங்கள் கண் நீர்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். தளத்தின் உயரத்தைக் கப்பல் பணியாளர்களிடம் கேட்டு, உங்கள் கண் உயரத்தைக் கூட்டுங்கள். அது 15 மீட்டர் என்றும், கையை நீட்டிப் பிடித்த அளவுகோல் கண்ணிலிருந்து 60 சென்டிமீட்டரில் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அளவுகோலைச் செங்குத்தாகப் பிடித்து, அதன் மேல்முனையைத் தொடுவானத்தில் பொருத்துங்கள். அங்கிருந்து 29 மில்லிமீட்டர் கீழே தெரியும் நீர் 300 மீட்டர் தொலைவு. 44 மில்லிமீட்டரில் 200 மீட்டர், 89-இல் 100 மீட்டர், 179-இல் 50 மீட்டர். இந்த நான்கு இடங்களிலும் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுவிடுங்கள். கண் உயரம் 20 மீட்டரானால் 300 மீட்டர்க் கோடு 39 மில்லிமீட்டருக்கு இறங்கும். ஆகவே கப்பல் மாறினால் கோலும் மாற வேண்டும். பழைய கோலையே கொண்டுபோவதுதான் அதிகம் நடக்கும் தவறு.

நீரில் அமர்ந்த ஒவ்வொரு பறவைக்கும் அது எந்தத் தொலைவுப் பட்டையில் இருந்தது என்று எழுதுங்கள்: 0–50, 50–100, 100–200, 200–300 மீட்டர். இது வீண் வேலை அல்ல. முதல் 100 மீட்டருக்குள் 30 பெட்ரல் என்னும் சிறு கடற்பறவைகள் கிடைத்தால், அடுத்த 200 மீட்டரில் சுமார் 60 இருக்க வேண்டும். உங்கள் தாளில் 24 மட்டுமே இருந்தால், மீதி கண்ணில் படவில்லை என்று பொருள். பட்டை எழுதியிருந்தால் இதைத் திருத்தலாம். எழுதாவிட்டால் வழியே இல்லை.

கேள்வி: பறக்கும் பறவைகளை எண்ணும்போது எண்ணிக்கை தாறுமாறாக ஏறுகிறது. ஏன்?

பதில்: அமர்ந்த பறவை இருந்த இடத்தில் இருக்கிறது. பறப்பது வெளியிலிருந்து உங்கள் 300 மீட்டர்ப் பட்டைக்குள் நுழைந்து வெளியேறிக்கொண்டே இருக்கிறது. கடந்துபோன அத்தனையையும் எண்ணினால், ஒரு கணத்தில் அங்கே இருந்ததைவிடப் பல மடங்கு வரும். அதனால்தான் நொடிக் கணக்கு, அதாவது குறித்த ஒரு கணத்தில் இருப்பவற்றை மட்டும் எண்ணுவது. 20 நாட் வேகத்தில் 300 மீட்டரைக் கடக்க 29 விநாடி ஆகும். எனவே 30 விநாடிக்கு ஒருமுறை கடிகாரம் ஒலிக்கும்படி வையுங்கள். ஒலித்த அந்தக் கணத்தில் முன்னே 300, பக்கவாட்டில் 300 மீட்டர் சதுரத்துக்குள் பறப்பவை மட்டுமே கணக்கில் சேரும். மற்றவற்றை ‘பட்டைக்கு வெளியே’ என்று தனியே குறிக்கலாம். 10 நாட் கப்பலானால் நிமிடத்துக்கு ஒருமுறை போதும்.

கப்பலுக்குப் பயந்து நீரிலிருந்து எழும்பிய பறவை ‘அமர்ந்தது’ கணக்கில்தான் வரும். சில இனங்கள் வெகு தொலைவிலேயே எழும்பிவிடும். அதனால் பைனாகுலரால் அவ்வப்போது முன்பக்கத்தைத் துழாவ வேண்டும். கப்பலைத் தொடர்ந்தே வரும் கடற்காகங்களைச் சேர்க்க வேண்டாம்.

கேள்வி: பறவையையும் திமிங்கலத்தையும் ஒருவரே பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். பறவைக்காரரின் கண் 300 மீட்டருக்குள் நிற்கும். திமிங்கலத்தின் மூச்சு தொடுவானத்தின் அருகே எழும். திமிங்கலத்துக்குத் தனியாள் வைத்து, பாகை குறித்த பலகை ஒன்றைக் கைப்பிடிக் கம்பியில் கட்டுங்கள். அணியத்திலிருந்து எத்தனை பாகை, எவ்வளவு தொலைவு என்ற இரண்டும் வேண்டும். 30 பாகையில் 1,200 மீட்டர் என்றால், கப்பல் போகும் கோட்டிலிருந்து விலகல் 600 மீட்டர். ‘ஏறக்குறைய நேர் எதிரே’ என்று 0 பாகை எழுதிவிட்டால் விலகலும் 0 ஆகிவிடும். அப்படிப் பல பதிவுகள் சேர்ந்தால் அடர்த்தி (ஒரு சதுர கிலோமீட்டருக்கு எத்தனை என்பது) பொய்யாக வீங்கும். 4 பாகை என்றால் 4 என்றே எழுதுங்கள்.

ஓங்கில்கள் அணியத்து அலையில் விளையாட ஓடிவரும். அவற்றை முதலில் பார்த்த தொலைவுதான் வேண்டும், நெருங்கி வந்த தொலைவு அல்ல. ஸ்பெர்ம் திமிங்கலம் 45 நிமிடம்கூட மூழ்கியிருக்கும். அதற்குள் 20 நாட் கப்பல் 28 கிலோமீட்டர் போய்விடும். எவ்வளவு கூர்மையாகப் பார்த்தாலும் ஒரு பகுதி தவறத்தான் செய்யும்.

கேள்வி: கடல் எந்த அளவு கொந்தளித்தால் நிறுத்த வேண்டும்?

பதில்: காற்றின் வலுவைக் காட்டும் போஃபோர்ட் அளவில் 4 வரை பறவை பார்க்கலாம். போர்பாய்ஸ் (ஓங்கில் போன்ற சிறிய கடல் பாலூட்டி) போன்ற சிறு விலங்குக்கு 2-க்கு மேல் போனாலே நம்ப முடியாது. முகத்தில் அடிக்கும் காற்றை வைத்து முடிவு செய்யாதீர்கள். காற்றே இல்லாத நாளிலும் 20 நாட் கப்பலில் 20 நாட் காற்று அடிக்கும். நீரைப் பாருங்கள். அலை முகடு கண்ணாடி போல உடையாமல் இருந்தால் 2, ஆங்காங்கே வெள்ளை நுரை என்றால் 3, எங்கும் நுரை என்றால் 4. வெயில் கூசும் பக்கத்தை விட்டு மறுபக்கம் போங்கள். எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு மாறினீர்கள் என்பதையும் எழுதுங்கள். தளம் அதிர்வதால் முக்காலியில் வைக்கும் ஒற்றைக்குழல் தொலைநோக்கி உதவாது. 8x42 அல்லது 7x50 பைனாகுலர் போதும்.

கேள்வி: ஃபெர்ரி எப்போதும் ஒரே வழியில்தானே போகிறது? இதனால் என்ன பயன்?

பதில்: முழுக் கடலின் எண்ணிக்கையை அது தராது. ஆனால் ஒரே கோட்டை ஆண்டு முழுவதும் திரும்பத் திரும்பப் பார்ப்பது வேறு எந்தக் கப்பலுக்கும் எளிதல்ல. பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் மேற்கே பிஸ்கே விரிகுடாவைக் கடந்த ஃபெர்ரியில் 1995 முதல் இப்படிப் பார்த்திருக்கிறார்கள். மத்தியதரைக் கடலிலும் 2007 முதல் பல வழித்தடங்களில் நடக்கிறது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். மாலையில் கிளம்பும் கப்பல், வழியின் ஒரு பகுதியை இருட்டில்தான் கடக்கும். கோடையில் வெளிச்சம் நீண்டு அந்தப் பகுதியும் தெரியும், குளிர்காலத்தில் தெரியாது. அதனால் மாதத்தோடு மாதத்தை ஒப்பிடும்போது, எல்லா மாதமும் பகலில் கடந்த பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.