கார்வெட்டின் கழற்றும் கூரை வெயிலில் கெட்டால்: கேள்வி பதில்

செவர்லே கார்வெட் என்னும் அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரில் 1984 முதல் 1996 வரை வந்த நான்காம் தலைமுறை (சி4), 1997 முதல் 2004 வரை வந்த ஐந்தாம் தலைமுறை (சி5) ஆகிய கூப்பே (இரு கதவு) வண்டிகளின் கூரையைத் தனியே கழற்றி, இருக்கைக்குப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். அரிசோனா, டெக்சாஸ், ஃப்ளோரிடா பக்கம் வருடக்கணக்கில் வெளியிலேயே நின்ற வண்டி என்றால், அந்தக் கூரை கெடாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இரண்டு வகையையும் என் கராஜில் வைத்துச் சரிசெய்திருக்கிறேன். வந்த கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, என் 2001 சி5-இல் கண்ணாடிக் கூரை. பால் தெளித்த மாதிரி மங்கிக் கிடக்கிறது. பஃபிங் போட்டால் தெளியுமா?

பதில்: தம்பி, அது கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். லேசில் உடையாது. ஆனால் புற ஊதாக் கதிர் நேராகப் பட்டால் மஞ்சளாகிவிடும். அதற்காகத்தான் மேலே ஒரு கடினமான பூச்சு இருக்கிறது. உங்களுடையதில் மங்கியிருப்பது பெரும்பாலும் அந்தப் பூச்சுதான்.

முதலில் கூரையைக் கழற்றி நிழலில் வைத்து, நன்றாக ஆறியதும் மேலே ஒரு கை தண்ணீர் ஊற்றுங்கள். நனைந்த இடம் சட்டென்று தெளிந்தால் மகிழ்ச்சி: கெட்டது மேல்பரப்பு மட்டும்தான், அதன் நுண்ணிய பள்ளங்களைத் தண்ணீர் நிரப்புவதால் தெளிகிறது. நனைந்த பிறகும் உள்ளே வெள்ளிக் கம்பி மாதிரி கோடுகள் மின்னினால், வெடிப்பு ஆழத்துக்குப் போய்விட்டது. இரவில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் இன்னும் துல்லியமாகத் தெரியும். இதைப் பார்க்காமல் வாட்டர் பேப்பரைக் கையில் எடுக்காதீர்கள்.

கேள்வி: தண்ணீர் ஊற்றினால் தெளிகிறது. அடுத்து என்ன செய்ய?

பதில்: பழைய பூச்சை முழுவதும் எடுத்தாக வேண்டும். பாதி எடுத்துப் பாதி விட்டால் தேசப்படம் மாதிரி எல்லைக்கோடு தெரியும். சுற்றியுள்ள ரப்பரையும் வண்ணத்தையும் டேப் ஒட்டி மறைத்துவிட்டு, 600 வாட்டர் பேப்பரில் தொடங்கி 800, 1000, 1500 என்று போங்கள் (எண் கூடக் கூடத் தாளின் சொரசொரப்பு குறையும்). தண்ணீர் தாராளமாக ஓடட்டும். ஒரு தாளில் நீளவாக்கில் தேய்த்தால் அடுத்த தாளில் குறுக்கே தேயுங்கள். முந்தைய கீறல் போய்விட்டதா என்று அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். பூச்சு இருக்கும்வரை தேய்ப்பில் திட்டுத்திட்டாக வழுக்கும். அது போனதும் கைக்குக் கீழே எல்லா இடமும் ஒரே மாதிரி இழுக்கும், வழியும் கரைசலும் ஒரே வெள்ளையாக இருக்கும். 600-இலேயே இந்த நிலை வந்தாக வேண்டும். அவசரப்பட்டு 800-க்குத் தாவினால் திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

கேள்வி: தேய்த்து, பாலிஷ் போட்டு, மெழுகும் பூசிவிட்டேன். கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. இது போதும்தானே சார்?

பதில்: போதாது. பளபளப்பு வந்திருக்கிறது, பாதுகாப்பு வரவில்லை. பூச்சு போன பாலிகார்பனேட்டை வெறும் மெழுகை நம்பி வெயிலில் விட்டால் மறுபடி மஞ்சளாகும். முகப்பு விளக்குகளுக்கென்றே விற்கும் புற ஊதாத் தடுப்பு கிளியர் கோட்டை (நிறமில்லாத மேல்பூச்சு) மேலே அடிக்க வேண்டும். சாதாரண வண்டி கிளியரில் உள்ள தின்னர் பாலிகார்பனேட்டை வெடிக்க வைக்கலாம். அதனால் டப்பாவில் பிளாஸ்டிக்கின் பெயர் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கிளியர் அடிப்பதாக இருந்தால் பாலிஷ் வேண்டாம். பாலிஷ் போட்ட வழவழப்பில் கிளியர் பிடிக்காது. உங்களுடையதை 1500-ஆல் மறுபடி சீராகத் தேய்த்து, மெழுகும் எண்ணெயும் துளிகூட இல்லாமல் துடைத்துவிட்டு அடியுங்கள். கீறல்களைக் கிளியரே நிரப்பிவிடும். இரண்டு பொருள் கலந்து அடிக்கும் வகையில் ஐசோசயனேட் இருக்கும். நுரையீரலுக்கு அது விஷம். துணி முகமூடி கட்டிக்கொண்டு அந்த வேலையில் இறங்காதீர்கள். முறையான சுவாசக் கருவி இல்லையென்றால் பெயின்ட் கடையில் கொடுத்து அடித்து வாங்குவதே நல்லது.

கேள்வி: என்னுடையது சி4. இதே முறைதானா?

பதில்: தேய்க்கும் முறை அதேதான், பொருள் வேறு. சி4-இன் ஒளிபுகும் கூரை அக்ரிலிக் என்ற வேறு பிளாஸ்டிக். அது வெயிலைப் பாலிகார்பனேட்டைவிட நன்றாகத் தாங்கும், பாலிஷும் அருமையாக ஏறும். ஆனால் ரசாயனம் ஆகாது. அமோனியா கலந்த ஜன்னல் கிளீனர், ஆல்கஹால், தின்னர், பெட்ரோல் எதுவும் அதன் பக்கமே வரக்கூடாது. என் முதல் கூரையில் பூச்சிக் கறை போகட்டும் என்று ஆல்கஹாலால் துடைத்தேன். சட்டத்தை ஒட்டிய ஓரத்தில், பொருள் இறுக்கமாக நிற்கும் இடத்தில், மயிரிழை மயிரிழையாக வெடிப்பு ஓடியது. அதை இன்றுவரை போக்க முடியவில்லை. மிதமான சோப்புத் தண்ணீர், பஞ்சு போன்ற துணி, இவ்வளவே போதும். மெஷின் பிடித்தால் குறைந்த வேகத்தில் பிடியுங்கள். அக்ரிலிக் 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே இளகத் தொடங்கும். ஒரே இடத்தில் பஃப் நின்றால் உருகிய தடம் விழும்.

கேள்வி: சிலந்தி வலை மாதிரி உள்ளே வெடிப்பு. ஏதாவது ஊற்றி நிரப்ப முடியாதா?

பதில்: முடியாது. வேறு கூரை தேடுங்கள்.

கேள்வி: என்னுடையது வண்ணம் அடித்த கூரை. கிளியர் கோட் தோலாக உரிகிறது.

பதில்: உரியத் தொடங்கிய கிளியரை எந்தப் பாலிஷும் ஒட்டவைக்காது. தேய்த்து எடுத்து, வண்ணமும் கிளியரும் புதிதாக அடிக்க வேண்டும். ஆனால் பணம் செலவழிக்கும் முன் ஒன்றைப் பாருங்கள். மேல்தகடு சட்டத்தோடு பசையால்தான் பிடித்திருக்கிறது. அடுத்து வந்த சி6-இல், 2005, 2006 மாடல்களில் இந்தப் பசை விடுபடலாம் என்று நிறுவனமே வண்டிகளைத் திரும்ப அழைத்தது. பழைய கூரை எதுவாக இருந்தாலும் ஓரம் முழுக்க விரலால் தூக்கிப் பாருங்கள், தட்டிச் சத்தம் கேளுங்கள். எங்காவது இடைவெளி தெரிந்தாலோ 'டொக்' என்று பொள்ளல் சத்தம் வந்தாலோ, நெடுஞ்சாலைக்கு அந்தக் கூரையோடு போகாதீர்கள். பின்னால் வருகிறவர் மேல் பறந்து விழும் பொருள் அது.

கேள்வி: ரப்பர் பீடிங் காய்ந்து தண்ணீர் ஒழுகுகிறது.

பதில்: கிழியவில்லை என்றால் சிலிக்கோன் கிரீஸை விரலால் மெல்லிசாகப் பூசி, ஓர் இரவு ஊறவிட்டுத் துடையுங்கள். பெட்ரோலியக் கிரீஸ் வேண்டாம், ரப்பர் ஊதிவிடும். அப்புறம், கழற்றிய கூரையைச் சிமென்ட் தரையில் கவிழ்த்து வைக்காதீர்கள். பழைய கம்பளியை விரித்து அதன் மேல் வையுங்கள்.