ஐடிலில் உதறல், சூடானதும் அணைதல்: இரண்டு கோளாறாக இருக்கலாம்

பெட்ரோல் காரில் ஸ்பார்க் பிளக் நான்கையும் மாற்றியும் ஐடிலில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) உதறுகிறது, சூடானபின் திடீரென அணைந்து பத்து நிமிடம் கழித்துத்தான் ஸ்டார்ட் ஆகிறது என்கிறீர்கள். இரண்டையும் ஒரே கோளாறு என்று நினைத்து இனி எந்தப் பாகமும் வாங்காதீர்கள்.

முதலில் உதறல். ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) இருந்தால் லாங் டேர்ம் ஃப்யூயல் டிரிம் பாருங்கள்; கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற அளவு அது. ஐடிலில் +10க்கு மேல் இருந்து, 2500 ஆர்பிஎம்மில் பூஜ்யத்தை நெருங்கினால் வேக்யூம் லீக்தான், அதாவது எங்கோ கசிவு வழியே இன்ஜினுக்குள் கூடுதல் காற்று நுழைகிறது. பிசிவி ஹோஸ் (இன்ஜின் உள்ளே சேரும் ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் குழாய்), இன்டேக் கேஸ்கெட், பிரேக் பூஸ்டர் ஹோஸ் மூன்றையும் சோதியுங்கள். பழைய ரப்பர் வளைவின் அடிப்பக்கத்தில்தான் வெடிக்கும். மேலே பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும். 2500லும் டிரிம் இறங்கவில்லையென்றால் ஃப்யூயல் பிரஷரை அளக்கவும். டிரிம் சரியாக இருந்தால் இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியையும் ஐடில் கன்ட்ரோல் வால்வையும் கிளீனர் போட்டுக் கழுவினாலே போதலாம்.

அணைவதற்கு என் சந்தேகம் கிராங்க் சென்சார் (இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது) மேல். சூட்டில் உள்ளே காயில் விட்டுப்போகும், ஆறினால் சேரும். அடுத்த முறை அணைந்ததும் செல்ஃப் அடித்தபடி ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். பல வண்டிகளில் சிக்னல் இல்லையென்றால் முள் அசையவே அசையாது. முள் அசைந்தும் ஸ்டார்ட் ஆகவில்லையா? ஸ்பார்க் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ஃப்யூயல் பம்ப், அதன் ரிலே பக்கம் போங்கள்.