கண் டாக்டர் நிறுத்து என்கிறார், மூட்டு டாக்டர் தொடர் என்கிறார்

சகோதரி, லூபஸும் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்) ஷோகிரனும் (கண், வாய் உலர்ந்துபோகும், அதே வகை நோய்) சேர்ந்திருக்க, 55 கிலோ எடையில் 7 வருடமாக ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை தினமும் 400 மி.கி. எடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கண் டாக்டர் நிறுத்தச் சொல்ல, மூட்டுவாத டாக்டர் தொடரச் சொல்கிறார்.

இந்த மருந்து நாள்பட விழித்திரையைக் கெடுத்துவிடக் கூடாதே என்று கண் டாக்டர் பார்க்கிறார், நிறுத்தினால் லூபஸ் மறுபடி கிளம்பிவிடக் கூடாதே என்று மூட்டுவாத டாக்டர் பார்க்கிறார். இரண்டும் நியாயம்தான். எனக்கு உறுத்துவது அளவு. அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமி 2016-இல் சொன்ன வரம்பு, நாளொன்றுக்குக் கிலோவுக்கு 5 மி.கி. உங்கள் எடைக்கு அது 275 மி.கி.தான் வருகிறது! அளவைக் குறைப்பது பற்றி யாராவது பேசினார்களா? சிறுநீரகம் மந்தமாக இருந்தால் மருந்து உடம்பில் தேங்கும், அதனால் சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், ஓசிடி (OCT) என்ற விழித்திரை ஸ்கேனிலும், கண் எவ்வளவு பரப்பைப் பார்க்கிறது என்று அளக்கும் பார்வைப்புலச் சோதனையிலும் சேதம் உறுதியாகத் தெரிந்ததா, வெறும் சந்தேகமா என்று கண் டாக்டரிடம் கேளுங்கள். சந்தேகம் என்றால் சோதனையைத் திரும்பச் செய்து பார்க்கலாம். அவசரப்பட்டு நிறுத்த வேண்டாம் என்றே 2021-இல் அமெரிக்காவின் மூட்டுவாத, தோல், கண் மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து சொல்லியிருக்கின்றன.

ரிப்போர்ட்டை மூட்டுவாத டாக்டரிடம் கொடுத்து, இருவரையும் ஒருமுறை போனில் பேசிக்கொள்ளச் சொல்லுங்கள். தூது போவது நோயாளி வேலையில்லை. அதுவரை நீங்களாக மாத்திரையை நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம்.