அவசர சிகிச்சைப் பிரிவுக்கு முதன்முறையாக ஒருவரைக் கூட்டிப் போனால் அங்கே என்னவெல்லாம் நடக்கும்?

கேள்வி கேட்டவர், வயதான அப்பா அம்மாவோடு இருப்பதாகவும், இதுவரை எந்த மருத்துவமனையின் கேஷுவல்டிக்கும் போனதில்லை என்றும், போக நேர்ந்தால் தடுமாறக் கூடாது என்றும் எழுதியிருக்கிறார். நான் மருத்துவத் துறை ஆள் இல்லை. ஆனால் கடந்த ஆறு வருடத்தில் மூன்று தடவை நோயாளியோடு அந்த வாசலில் நின்றிருக்கிறேன். அப்பாவுக்கு நெஞ்சுவலி, பக்கத்து வீட்டு அண்ணனுக்குப் பாம்புக்கடி, என் மகனுக்கு நெற்றியில் காயம். எங்கள் ஊர் டெல்டாவில் ஒரு கிராமம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 22 கிலோமீட்டர். அங்கே பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

அப்பா ராத்திரி 2 மணிக்கு எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மார்கழிக் குளிரில் பனியன் வியர்வையில் நனைந்திருந்தது. "வாயுதான், ஓமத் தண்ணி வச்சுக் குடு" என்றார். நாங்களும் நம்பி அரை மணி நேரத்தைக் கடத்திவிட்டோம். அது இன்னும் எனக்கு உறுத்துகிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பில் பெரிய வலியே தெரியாமல் போகலாம். வியர்வை, மூச்சு வாங்குதல், தாடையிலோ மேல்வயிற்றிலோ ஒரு பாரம், அவ்வளவோடு நின்றுவிடலாம் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

108-க்குப் போட்டால் மாவட்டம், தாலுகா, ஊர், பக்கத்தில் என்ன அடையாளம் என்று வரிசையாகக் கேட்பார்கள். பதற்றத்தில் நமக்கு நம் ஊரின் அடையாளமே மறந்துபோகும். ஒருவர் டார்ச் எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் போய் நின்றால் வண்டி தேடாமல் வரும். வண்டியில் வருகிறவர் டிரைவர் மட்டும் இல்லை, பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளரும் இருப்பார். ஏற்றியதுமே விரலில் கிளிப் மாட்டி ஆக்சிஜன் அளவு, நாடி, பிரஷர் எல்லாம் பார்த்து எழுதிக்கொண்டார்.

மருத்துவமனையில் இறங்கியதும் நான் சீட்டுப் போட ஓடினேன். "சீட்டு அப்புறம் போடலாம், நீங்க கூட வாங்க" என்று ஸ்ட்ரெச்சரைத் தள்ளியவர் கூப்பிட்டார். உள்ளே நுழையும் இடத்திலேயே ஒரு சிஸ்டர் அப்பாவைப் பார்த்துவிட்டுச் சிவப்புப் பகுதிக்கு அனுப்பினார். பெரும்பாலான பெரிய மருத்துவமனைகளில் இந்தப் பிரிப்பு உண்டு. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் சிவப்பு, கொஞ்ச நேரம் தாங்கும் என்றால் மஞ்சள், காத்திருக்கலாம் என்றால் பச்சை. யார் முதலில் வந்தார்கள் என்பது அங்கே கணக்கில்லை.

நெஞ்சுவலி என்று வந்தவருக்குப் பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்துவிட வேண்டும் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் விதி. அப்பாவின் பனியனைக் கழற்ற நேரமில்லாமல் கத்தரியால் நடுவில் வெட்டினார்கள். நெஞ்சு முடியைக் கொஞ்சம் மழித்து, ஜெல்லைத் தடவி, ஆறு ரப்பர் குமிழ்களை வைத்து, கை கால்களுக்குக் கிளிப் போட்டார்கள். "அய்யா, அசையாம இருங்க, பேசாதீங்க" என்றார் சிஸ்டர். ஜெல் சில்லென்று பட்டதும் அப்பாவுக்கு உடம்பு நடுங்கியது. நான் அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்னொரு சிஸ்டர் அதற்குள் கையில் ஊசி ஏற்றி ரத்தம் எடுத்துவிட்டார்.

அப்புறம் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?"

நான் 2 மணி என்றேன். தம்பி இரண்டரை என்றான். அம்மா, படுக்கும்போதே நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார் என்றார். டாக்டர் பேனாவை நிறுத்திவிட்டு, "ஒருத்தர் மட்டும் சொல்லுங்க" என்றார். கடைசியில் அப்பாவே, பதினொன்றரைக்கு லேசாக ஆரம்பித்தது, உங்களை எழுப்ப மனசு வரவில்லை என்றார்.

கேஷுவல்டிக்குப் போகும் எல்லோரிடமும் நான் சொல்வது இதைத்தான். அங்கே பல முடிவுகள் நேரத்தை வைத்துத்தான் எடுக்கப்படுகின்றன. மாரடைப்பில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக 12 மணி நேரத்துக்குள் போட வேண்டியது. சீக்கிரம் போடப் போட இதயத் தசை பிழைக்கும். பக்கவாதத்தில் அதைவிட நெருக்கடி, நாலரை மணி நேரம்தான். அதற்குள் சிடி ஸ்கேன் எடுத்து, மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று உறுதிசெய்த பிறகே ஊசி. வாய் கோணியதை எப்போது பார்த்தீர்கள் என்று மட்டும் கேட்க மாட்டார்கள், கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று கேட்பார்கள். தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தால், இரவு படுக்கப் போன நேரம்தான் கணக்கு. அதனால் தெரியாததை ஊகித்துச் சொல்லாதீர்கள். "பத்து மணிக்குப் பேசினார், நாலு மணிக்குப் பார்த்தபோது இப்படி" என்று தெரிந்ததை அப்படியே சொல்லுங்கள்.

அடுத்த கேள்விகளும் அதே வேகத்தில் வரும். சமீபத்தில் ஆபரேஷன் ஆனதா, அல்சர் உண்டா, ரத்தம் நீர்க்க மாத்திரை சாப்பிடுகிறாரா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா, கடைசியாக எப்போது சாப்பிட்டார். கட்டி கரைக்கும் ஊசி உடம்பில் வேறு இடத்தில் ரத்தக்கசிவை உண்டாக்கலாம், அதற்காகத்தான் இந்த விசாரணை. எங்களிடம் கையெழுத்தும் வாங்கினார்கள். கை நடுங்கியது. அந்தப் படிவத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டபோது, நின்று இரண்டு வாக்கியத்தில் சொன்னார்கள். கேட்கத் தயங்க வேண்டாம். "சிவப்பு மாத்திரை ஒண்ணு, வெள்ளை ரெண்டு" என்பது அங்கே பயன்படாது. மாத்திரை அட்டைகளையும் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஒரு பையில் போட்டு, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் மாட்டி வையுங்கள். ஆதார், காப்பீட்டு அட்டை, சார்ஜர், ஒரு போர்வை, ஒரு வேட்டி, அதே பையில்.

பாம்புக்கடிக் கதை வேறு மாதிரி. அண்ணனை வயலிலிருந்து முதலில் ஒரு சின்னத் தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். ட்ரிப்ஸ் ஏற்றிப் படுக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து, இங்கே மருந்து இல்லை, பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்கள். முதலிலேயே சொல்லியிருக்கலாம் என்று இன்றைக்கும் கோபம் வருகிறது. பாம்புக்கடி என்றால், "விஷமுறிவு ஊசி இருக்கா?" என்று வாசலிலேயே கேளுங்கள், இல்லை என்றால் திரும்புங்கள்.

பெரியாஸ்பத்திரியில், கணுக்காலுக்கு மேல் நாங்கள் இறுக்கியிருந்த துண்டைப் பார்த்துவிட்டு டாக்டர், "ஏன் கட்டுனீங்க?" என்று கேட்டார். கட்டக் கூடாது, கீறக் கூடாது, காலை அசைக்காமல் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். பாம்பை அடித்து எடுத்து வரவும் தேவையில்லை. ஒரு காய்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, பிளாஸ்திரியில் நேரத்தை எழுதி ஒட்டி, ஸ்டாண்டில் நிறுத்தினார்கள். 20 நிமிடம் யாரும் தொடவில்லை. பிறகு சிஸ்டர் அதை மெதுவாகச் சாய்த்தார். ரத்தம் தண்ணீராக ஓடியது, உறையவில்லை. விரியன் விஷம் ரத்தம் உறைவதைக் கெடுத்துவிட்டது என்று அர்த்தமாம். உடனே ஊசி மருந்தை ட்ரிப்ஸில் கலந்து ஏற்றினார்கள். ஒவ்வாமை வருகிறதா என்று பக்கத்திலேயே நின்று பார்த்தார்கள். நரம்பைத் தாக்கும் கட்டுவிரியன் என்றால் இப்படி வீக்கமோ வலியோ பெரிதாக இருக்காதாம், இமை தொங்குவதுதான் அடையாளம் என்றார்கள். ஆகவே சோதனை சரியாக வந்தாலும் ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்ப்பார்கள். "ஒண்ணுமில்லையே, போகலாமே" என்று கிளம்பிவிடாதீர்கள்.

மகனுக்கு வருகிறேன். சைக்கிளிலிருந்து விழுந்து நெற்றி கிழிந்தது. பச்சைப் பகுதி பெஞ்சில் ஒன்றே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்குப் பின்னால் வந்த நான்கு பேர் உள்ளே போனார்கள். பக்கத்தில் ஒருவர் சிஸ்டரிடம் சத்தம் போட்டார். எனக்கும் வாய் வரை வந்தது, ஆனால் அப்பா சிவப்புப் பகுதிக்கு நேராகப் போன ராத்திரி அந்த பெஞ்சில் யார் உட்கார்ந்திருந்தார்களோ என்று தோன்றி அடங்கிவிட்டேன். அதற்காக வாயைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்றில்லை. தலையில் அடிபட்ட பிள்ளை திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், தூங்கி வழிந்தால், வலிப்பு வந்தால், உடனே எழுந்துபோய்ச் சொல்ல வேண்டும். முதலில் கொடுத்த நிறம் மாறும்.

விபத்து என்றால் ஏ.ஆர். என்ட்ரி, அதாவது விபத்துப் பதிவேட்டில் பதிவு, போடுவார்கள், போலீஸ்காரர் வந்து எப்படி நடந்தது என்று கேட்பார். பயப்பட ஒன்றுமில்லை, பின்னால் இழப்பீடு கேட்க அந்தக் காப்பியும் ஓர் ஆதாரம். போலீஸ் வந்த பிறகுதான் சிகிச்சை என்று யாரும் சொல்ல முடியாது. உச்ச நீதிமன்றம் 1989-லேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ரோட்டில் கிடந்தவரைத் தூக்கி வந்தவருக்கும் 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது, பெயர் சொல்லக்கூடக் கட்டாயமில்லை. தமிழ்நாட்டில் சாலை விபத்து என்றால் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே ஒரு வரம்பு வரை பணம் கட்டும். அட்வான்ஸ் கேட்டால் முதலில் இந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள்.

நடுராத்திரியில் சொந்தக்காரர் யாராவது போன் போட்டு, அங்கே வேண்டாம், கையெழுத்துப் போட்டு வேறு இடத்துக்கு மாற்று என்பார். அப்பாவுக்கும் அப்படி ஒரு போன் வந்தது. நல்லவேளை, டாக்டரிடமே கேட்டோம். ஊசி போட்ட இந்த நேரத்தில் வண்டியில் அலைக்கழிக்க வேண்டாம் என்றார். டாக்டரே வேறு இடத்துக்கு அனுப்பினால் மட்டும், என்ன மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்று எழுதிய தாளையும் ஈசிஜி காப்பியையும் கேட்டு வாங்காமல் கிளம்பாதீர்கள்.

உள்ளே ஒருவரைத்தான் அனுமதிப்பார்கள், அதுவும் அடிக்கடி வெளியே நிற்கச் சொல்வார்கள். யார் உள்ளே போவது என்பதை வண்டியில் வரும்போதே முடிவு செய்துவிடுங்கள். அதிகம் அழாதவர், மருந்து விவரம் தெரிந்தவர். காலையில் டூட்டி மாறும். புதிதாக வரும் டாக்டர் கேஸ் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டே மறுபடி முதலிலிருந்து கேட்பார், எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று. சலித்துக்கொள்ளாமல் அதே பதிலை அப்படியே சொல்லுங்கள். நான் இரண்டாவது முறை சொன்னபோது, அப்பா கண்ணைத் திறந்து "பதினொன்றரை" என்று கூடச் சேர்ந்து சொன்னார்.