ஏழாம் வகுப்புச் சிறுமிக்கு எந்தச் சரித்திர நாவல்?

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். கோடை விடுமுறையில் படிக்க, விருது வாங்கிய சரித்திர நாவல் ஒன்றைச் சொல்லுங்கள். ராஜா ராணி கதையாக இருந்தால் நல்லது, ஆங்கிலமானாலும் பரவாயில்லை. - வாசகி, குடியாத்தம்

பதில்: ‘ராஜா ராணி’ என்ற இடத்திலேயே நான் நின்றுவிட்டேன். சரித்திரம் என்றால் அரண்மனை, குதிரை, உருவிய வாள் என்று நாமே பழகி, பிள்ளைகளையும் பழக்கிவிட்டோம். இதை எதிர்த்து இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதி, சில நண்பர்களின் மனத்தாங்கலையும் தேடிக்கொண்டவன் நான். இருந்தும் மறுபடி சொல்கிறேன்: பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வேண்டியது, அதே வயதுப் பிள்ளை ஒன்று அந்தக் காலத்தில் என்ன சாப்பிட்டது, எதற்குப் பயந்தது, பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசியதில் எவ்வளவைப் புரிந்துகொண்டது என்று காட்டும் கதை.

அப்படி ஒரு நாவல், வீரா ஹிரானந்தானி ஆங்கிலத்தில் எழுதி 2018-இல் வெளியான ‘தி நைட் டைரி’. இன்று பாகிஸ்தானில் இருக்கும் சிந்து மாகாணத்து மீர்ப்பூர் காஸில் வாழும் நிஷாவுக்கு 1947 ஜூலையில் பன்னிரண்டு வயது நிறைகிறது. அவளையும் இரட்டைச் சகோதரன் அமிலையும் பெற்றபோதே தாய் இறந்துவிட்டாள். தகப்பனார் இந்து மருத்துவர், தாய் முஸ்லிம். பிறந்தநாளன்று சமையல்காரர் காஜி ஒரு நாட்குறிப்பைப் பரிசளிக்கிறார். மற்றவர்களிடம் வாய் திறக்கவே கூசும் அந்தப் பெண், ஒவ்வோர் இரவும் அதில் தன் இறந்த தாய்க்குக் கடிதம் எழுதுகிறாள். நாவல் முழுவதும் அந்தக் கடிதங்கள்தாம்.

அவளுக்குப் பிடித்த இடம் சமையலறை. பிடித்த மனிதர் காஜி. நாடு இரண்டாகும்போது, தகப்பனார் பிள்ளைகளையும் பாட்டியையும் அழைத்துக்கொண்டு ஜோத்பூருக்குப் புறப்பட வேண்டும். முஸ்லிமான காஜி அங்கேயே தங்க வேண்டும். பிரிவினை என்ற பெரிய சொல், ஒரே அடுப்பங்கரையில் நின்ற இருவரைப் பிரிக்கும் செயலாக அவளுக்கு விளங்குகிறது. தாய் ஒரு மதம், தகப்பன் ஒரு மதம் என்றால் நான் எந்தப் பக்கம் என்று அவள் கேட்கும் கேள்வி, தமிழும் உருதும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வளரும் பிள்ளைகளுக்கு அந்நியமாக இருக்காது. ஆசிரியரின் தந்தை குடும்பம் அதே ஊரிலிருந்து அப்படிக் கிளம்பி வந்த குடும்பம் என்பதால், வழிநடையில் தண்ணீர் தீர்ந்துபோகும் பக்கங்களைப் படிக்கையில் நமக்கே நாக்கு வறள்கிறது.

நம் ஊருக்கு வருகிறேன். வேலூர்க் கோட்டைக்குப் பிள்ளைகளை அழைத்துப்போய், திப்பு மஹாலையும் ஹைதர் மஹாலையும் காட்டி, ஆங்கிலேயரை எதிர்த்து இந்தியச் சிப்பாய்கள் அங்கே கிளர்ந்தெழுந்த 1806 ஜூலை 10 என்ற தேதியை ஒப்பிக்கச் சொல்கிறோம். நெற்றியில் சமயக்குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகையை அணிய வேண்டும் என்ற உத்தரவுகள்தாம் அந்தச் சிப்பாய்களைக் கொதிக்க வைத்தன என்பதைப் பாடநூல் சொல்கிறது. கடுக்கன் கழற்றிய வெறுங்காதோடு வீட்டுக்குள் நுழைந்த தகப்பனைப் பார்த்த மகள் என்ன நினைத்தாள் என்பதைப் பாடநூல் சொல்லாது. அதைச் சொல்ல ஒரு நாவலாசிரியர் வேண்டும். அந்த மகளுக்குப் பன்னிரண்டு வயது என்று வைத்து ஒருவர் தமிழில் எழுதித் தந்தால், முதல் அத்தியாயத்தை இந்த இதழிலேயே வெளியிடக் காத்திருக்கிறேன். 1947-க்கு ‘தி நைட் டைரி’ செய்திருக்கும் வேலை அதுதான்.

விருதைக் கேட்டீர்கள்: அமெரிக்க நூலகச் சங்கத்தின் நியூபெரி விருதுகளில், பதக்கத்துக்கு அடுத்த நிலையான ‘ஹானர்’ சிறப்பு 2019-இல் இந்த நூலுக்குக் கிடைத்தது. ஆனால் அட்டை முத்திரையை நம்பி வாங்காதீர்கள். கடையில் மகளையே முதல் நான்கு கடிதங்களைப் படிக்கச் சொல்லுங்கள். ஆங்கிலம் எளியது, வாக்கியங்கள் சிறியவை. தடுமாறினால், இரவில் இரண்டு கடிதங்களை நீங்கள் படித்துத் தமிழில் சொல்லுங்கள்; கடிதம் என்பதால் நிறுத்துவதற்கு வசதியான இடங்கள் தாமாகவே அமைந்திருக்கின்றன. பக்கத்தில் பழைய இந்திய வரைபடம் ஒன்றை விரித்து, மீர்ப்பூர் காஸிலிருந்து ஜோத்பூருக்கு அவளையே பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். எல்லைக்கோடு, சுதந்திரம் வந்து இரண்டு நாள் கழித்து ஆகஸ்ட் 17 அன்றுதான் மக்களுக்கு அறிவிக்கப்பட்டது என்பதையும் அப்போது சொல்லிவிடுங்கள்.

பிற்பகுதியில் ரயில் பயணம் வருகிறது. அங்கே கொலையை நிஷா கண்ணால் பார்க்கிறாள். அந்தப் பக்கங்களை மறைக்க வேண்டாம், தாண்டவும் வேண்டாம். அன்று மட்டும் அவளைத் தனியே படிக்க விடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.