தாத்தா விட்டுச்சென்ற சீனத் தந்தப் பந்து: மதிப்பை எப்படி அறிவது?

தாத்தா ஹாங்காங்கிலிருந்து கொண்டுவந்த, பந்துக்குள் பந்து சுழலும் சிற்பம் இப்போது லண்டனில் உங்களிடம் இருக்கிறது, அதன் விலை என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். விலைக்கு முன்னால், அது தந்தம்தானா என்று பாருங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியில், குறுக்குவெட்டாக அமைந்த பரப்பில் ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள் தெரிந்தால் தந்தம். அவை வெட்டும் கோணம் 115 பாகைக்கு மேல் விரிந்திருந்தால் யானை. 90க்குக் கீழே குறுகியிருந்தால் மாமூத், அதாவது அழிந்துபோன பழங்கால யானையினம். சிறு கரும்புள்ளிகள் தெரிந்தால் எலும்பு. சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம், அந்த வடு ஆறாது.

இவ்வகைப் பந்துகள் தென்சீனாவின் குவாங்சோ நகரின் பெருமை. ஒரே தந்தத்துண்டில் மையம் நோக்கிக் கூம்புத் துளைகள் இட்டு, வளைந்த உளியை உள்ளே விட்டு ஒவ்வோர் அடுக்காகப் பிரித்தெடுப்பார்கள். அந்தப் பொறுமையை நினைத்தாலே எனக்கு மெய்சிலிர்க்கும். ஆகவே அடுக்குகளை எண்ணுங்கள். எல்லாம் தடையின்றிச் சுழல்கின்றனவா, ஒட்டிய இணைப்பு தெரிகிறதா என்று கவனியுங்கள். மஞ்சள் நிறத்தை மட்டும் நம்பி வயதைச் சொல்லாதீர்கள். தேநீர்ச் சாயத்தாலும் அந்த நிறம் வரும். தாத்தாவின் ரசீது, கடிதம், பழைய புகைப்படம் இருந்தால் அவையே வலுவான சான்று.

விற்பது வேறு விஷயம். தந்த விற்பனையைப் பெரும்பாலும் தடைசெய்யும் பிரிட்டனின் 2018ஆம் ஆண்டுத் தந்தச் சட்டம் 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. வைத்திருக்கலாம், அன்பளிப்பாகத் தரலாம். விற்க வேண்டுமானால் 1918க்கு முந்தைய, மிக உயர்ந்த கலைமதிப்புள்ள பொருள் என்பது போன்ற விலக்குச் சான்று தேவை. எனவே காப்பீட்டு மதிப்பீடு கேளுங்கள். வெயிலும் ஹீட்டர் சூடும் படாத இடத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் தந்தம் விரிசல்விடும்.